டெங்குக் காய்ச்சலில் எடுத்த லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட்: எல்.டி.எல். 40 என்பதை நம்பலாமா?

டூட்டி டாக்டர், கடலூர்ப் பக்கம்

வார்டில் இருக்கும் ஒருவரின் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று கேட்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

ஐம்பது தாண்டிய ஆண். பல வருடமாகச் சர்க்கரை. மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட் எதுவும் கிடையாது. மூன்று மாதம் முன்பு மொத்தக் கொலஸ்ட்ரால் 214, எச்.டி.எல். ('நல்ல' கொலஸ்ட்ரால்) 42, ட்ரைகிளிசரைடு (இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு) 160, எல்.டி.எல். ('கெட்ட' கொலஸ்ட்ரால்) 140. அப்போது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரையான அட்டார்வாஸ்டாடின் 10 மி.கி. தொடங்கியிருக்கிறார்கள். விடாமல் சாப்பிட்டதாகச் சொல்கிறார்.

இப்போது டெங்கு, என்.எஸ்.1 (டெங்கு வைரஸின் புரதம்) பாசிட்டிவ். காய்ச்சலின் ஆறாம் நாள் ரத்தத்தில் தட்டணு 62,000, கல்லீரல் நொதிகளான ஏ.எஸ்.டி. 210, ஏ.எல்.டி. 118, ரத்தப் புரதமான ஆல்புமின் 3.1. காய்ச்சல் பேக்கேஜோடு ஒட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே லிப்பிட்டும் வந்துவிட்டது: மொத்தம் 118, எச்.டி.எல். 21, ட்ரைகிளிசரைடு 285, எல்.டி.எல். 40. லிப்பிட் எண்கள் எல்லாமே டெசிலிட்டருக்கு மி.கி.

'கொழுப்பு சுத்தமா குறைஞ்சிடுச்சே, மாத்திரையை நிறுத்திடலாமா?' என்கிறார் மகன். என் கேள்விகள் மூன்று. எல்.டி.எல். 40 என்பதை மாத்திரையின் பலன் என்று எடுத்துக்கொள்ளலாமா? ட்ரைகிளிசரைடு 285-க்கு, அதைக் குறைக்கும் பீனோஃபைப்ரேட் சேர்க்க வேண்டுமா? அடுத்த லிப்பிட் எப்போது?

---

பொது மருத்துவம், மதுரை

டாக்டர், முதலில் மாத்திரையின் பங்கைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். அட்டார்வாஸ்டாடின் 10 மி.கி. எல்.டி.எல்.லைச் சுமார் 35 முதல் 40 சதவீதம் குறைக்கும். 140-இல் தொடங்கியவர் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் 85-90 அளவில் நிற்க வேண்டும். ரிப்போர்ட் 40 என்கிறது. மீதி இறக்கத்துக்குக் காரணம் காய்ச்சல், கூடவே கணக்குச் சூத்திரம். சூத்திரத்தைப் பற்றி லேப் ஆட்கள் யாராவது எழுதுவார்கள். நான் காய்ச்சலைச் சொல்கிறேன்.

தொற்று வந்ததும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதங்கள் மூன்றும் ஏறுகின்றன. கொழுப்புத் திசு கரைந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் அவற்றை வி.எல்.டி.எல். (ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் துகள்) ஆக்கி வெளியே தள்ளுகிறது. அதே நேரத்தில் அதை ரத்தத்திலிருந்து அகற்ற வேண்டிய லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் நொதி மந்தமாகிவிடுகிறது. உற்பத்தி கூடி, வெளியேற்றம் குறைந்தால் ட்ரைகிளிசரைடு ஏறத்தானே செய்யும்? எச்.டி.எல்.லின் கதை வேறு. கல்லீரல் சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதத்தை ஏராளமாக உண்டாக்குகிறது, அது எச்.டி.எல். துகளில் ஏறி, அதன் முக்கியப் புரதமான அப்போ ஏ-1-ஐ இறக்கிவிடுகிறது. எல்கேட் நொதியும் குறைவதால் புதிய எச்.டி.எல். முதிர்வதில்லை. விளைவு, 42 பாதியாகி 21-இல் நிற்கிறது. எல்.டி.எல்.லும் மொத்தக் கொலஸ்ட்ராலும் இறங்குகின்றன. (ஆய்வுக் கட்டுரை படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எலிகளில் தொற்று வந்தால் கொலஸ்ட்ரால் ஏறும், மனிதரில் இறங்கும். எலிப் படத்தைப் பார்த்து மனித ரிப்போர்ட்டைப் படிக்க வேண்டாம்.)

டெங்குவில் இதற்கு மேல் இரண்டு சங்கதி. ரத்தக்குழாய்க் கசிவில் பிளாஸ்மாவோடு புரதங்களும் வெளியேறுகின்றன. உங்கள் நோயாளியின் ஆல்புமின் 3.1 அதைத்தான் சொல்கிறது. இரண்டாவது, என்.எஸ்.1 புரதமே ஆறு அலகுகள் சேர்ந்து, நடுவில் கொழுப்பை வைத்துக்கொண்டு ரத்தத்தில் சுற்றும் ஒன்று; எச்.டி.எல்.லோடும் ஒட்டும். டெங்கு கடுமையாக இருப்பவர்களிடம் கொலஸ்ட்ரால் இன்னும் தாழ்ந்திருப்பதாகப் பல ஆய்வுகள் உண்டு. அதற்காக எல்.டி.எல்.லைப் பார்த்துச் சலைன் ஓட்டாதீர்கள். ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), நாடி அழுத்தம், சிறுநீர் அளவு, வயிற்று வலி, வாந்தி, இவைதான் வார்டில் முடிவெடுக்க.

மகனுக்கு என்ன சொல்லலாம்? 'இது காய்ச்சல் காட்டும் எண், அப்பாவின் எண் இல்லை.' சர்க்கரை உள்ள 40 முதல் 75 வயதுக்காரருக்கு எல்.டி.எல். எவ்வளவு என்று பார்க்காமலே ஸ்டாடின் தருகிறோம். அதனால் 40 என்று வந்தது நிரந்தரமாக நிறுத்தக் காரணம் ஆகாது.

தற்காலிகமாக நிறுத்துவது தனி விஷயம். ஏ.எஸ்.டி. 210 இயல்பின் மேல் எல்லைக்கு ஐந்து மடங்கு. இவருக்கு இதய நோய் வந்ததில்லை. இரண்டு மூன்று வாரம் ஸ்டாடின் இல்லாமல் இருப்பதால் நட்டமில்லை. நிறுத்திவைத்து, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் மூன்று மடங்குக்குக் கீழே வந்து, இறங்குமுகமாகவும் இருந்தால் அதே 10 மி.கி.யைத் திரும்பத் தொடங்கலாம். அண்மையில் மாரடைப்போ ஸ்டென்டோ வைத்தவராக இருந்தால் இப்படிச் சட்டென்று நிறுத்தச் சொல்ல மாட்டேன். இதய மருத்துவரோடு பேசித்தான் முடிவு. டெங்குவுக்கே ஸ்டாடின் நல்லது என்று யாராவது சொன்னால், வியட்நாமில் 300 பெரியவர்களிடம் லோவாஸ்டாடின் கொடுத்துப் பார்த்த சோதனை 2016-இல் வெளிவந்தது: பாதுகாப்பில் பிரச்சினை தெரியவில்லை, பலனும் தெரியவில்லை.

பீனோஃபைப்ரேட் வேண்டாம். கணையம் வீங்கும் பயத்தில் ட்ரைகிளிசரைடுக்கு என்று தனி மருந்து யோசிப்பது 500-க்கு மேல். 1000 தாண்டினால்தான் உண்மையான அவசரம். அதோடு இந்த ஆறு நாளில் அவர் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். கஞ்சி, பழச்சாறு, இளநீர், குளுக்கோஸ் தண்ணீர், போதாக்குறைக்கு டெக்ஸ்ட்ரோஸ் ட்ரிப். சர்க்கரைக்காரர் உடம்பில் இது மட்டுமே ட்ரைகிளிசரைடை ஏற்றும்.

அடுத்த லிப்பிட்: காய்ச்சல் விட்டு 6 முதல் 8 வாரம், அதிலும் ஸ்டாடினை மறுபடி தொடங்கிக் குறைந்தது 4 வாரம் கழித்து. இரண்டில் எது பிந்தியதோ அது.

---

பயோகெமிஸ்ட்ரி லேப்

சார் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். அந்த 40 அளந்த எண் அல்ல, கழித்தல் கணக்கு. 118-இல் எச்.டி.எல். 21 போனால் 97. அதிலிருந்து ட்ரைகிளிசரைடின் ஐந்தில் ஒரு பங்கு 57 போனால் 40. இது 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம். 400-க்கு மேல் ட்ரைகிளிசரைடு இருந்தால் பயன்படுத்தக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். 400-க்குக் கீழேயும் ஒரு பொறி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை: ட்ரைகிளிசரைடு கூடியும் எல்.டி.எல். குறைந்தும் இருக்கும்போது இந்தச் சூத்திரம் எல்.டி.எல்.லை இன்னும் தாழ்த்திக் காட்டும். தொற்று உண்டாக்குவது சரியாக இந்தச் சேர்க்கையைத்தான்.

அதே மூன்று எண்களை (மொத்தம், எச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு) 2020-இல் வந்த சாம்ப்ஸன் சமன்பாட்டில் போட்டால் எல்.டி.எல். 52 வருகிறது. ரத்தம் அதே, இயந்திரம் அதே, 12 புள்ளி வித்தியாசம். லேப் எந்தச் சூத்திரம் பயன்படுத்துகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் 'டைரக்ட் எல்.டி.எல்.' ஓட்டுவார்கள், அதாவது கணக்கிடாமல் நேரடியாக அளப்பார்கள். முன்பு எடுத்தது ஒரு லேப், இப்போது எடுத்தது வேறு லேப் என்றால் எல்.டி.எல்.களை நேருக்கு நேர் ஒப்பிடாமல், மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்த நான்-எச்.டி.எல்.லை ஒப்பிடுங்கள். அதில் ட்ரைகிளிசரைடு நுழையாததால் சூத்திரப் பிழை கிடையாது. இவருக்கு 172 இருந்தது 97 ஆகியிருக்கிறது.

மாதிரி எடுத்த விதத்தையும் பாருங்கள். மூன்று மாதம் முன்பு நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து ரத்தம் கொடுத்திருப்பார். இப்போது படுக்கையில். நின்றிருந்தவர் படுத்தாலே திசு நீர் குழாய்க்குள் திரும்பி, கொலஸ்ட்ரால் பத்து சதவீதம் வரை இறங்கும். ட்ரிப் ஓடும் கையிலேயே, ஊசிக்கு மேல்பக்கம் எடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம்: எல்லாம் ஒன்றாகத் தாழும். சலைன் என்றால் குளோரைடு எகிறி பொட்டாசியம், கால்சியம் தாழ்ந்திருக்கும். டெக்ஸ்ட்ரோஸ் என்றால் சர்க்கரை 600, 700 என்று நிற்கும். உங்கள் நோயாளிக்கு ட்ரைகிளிசரைடு ஏறியிருப்பதால் வெறும் கலப்படம் அல்ல என்று சொல்லலாம்; நீர் கலந்தால் அதுவும் இறங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று. கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு இரண்டையும் பெரும்பாலான இயந்திரங்கள் பெராக்சிடேஸ் வினையில் நிறம் உண்டாக்கித்தான் அளக்கின்றன. ரத்தத்தில் வைட்டமின் சி மிகுந்தால் அது நிறத்தைத் தின்றுவிடும். எண் பொய்யாகக் குறையும். காய்ச்சலுக்கு வைட்டமின் சி-யை நரம்பில் ஏற்றும் பழக்கம் சில இடங்களில் இருப்பதால் சொல்கிறேன். பிலிருபின் மிக அதிகமானாலும் இதே தொந்தரவு.

---

குழந்தை மருத்துவம்

எனக்கு ஒரு சந்தேகம். காய்ச்சலில் எடுத்த லிப்பிட்டை மொத்தமாகக் குப்பையில் போடலாம் என்பதுதான் எல்லோரும் சொல்வதா? பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் இருக்கும் பிள்ளைகளும் காய்ச்சலோடு வருகிறார்களே.

---

பொது மருத்துவம், மதுரை

நல்ல கேள்வி மேடம். மொத்தமாகப் போட வேண்டாம். குறைந்த எண்ணை நம்பக் கூடாது, கூடிய எல்.டி.எல்.லை நம்பலாம். தொற்று எல்.டி.எல்.லை இறக்குமே தவிர ஏற்றாது. ஆகவே காய்ச்சல் நடுவிலும் ஒரு பிள்ளைக்கு எல்.டி.எல். 170 என்று வந்தால், காய்ச்சல் இல்லாதபோது அது அதற்கும் மேல்தான். பெரியவருக்கு 190 என்றாலும் அப்படியே. குறித்து வையுங்கள், அப்பா அம்மாவுக்கும் எடுக்கச் சொல்லுங்கள், ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். பித்தம் தேங்கும் காமாலை, நெஃப்ரோடிக் (சிறுநீரில் புரதம் கசியும் சிறுநீரக நோய்), தைராய்டு குறைவு, ஸ்டீராய்டு ஆகியவை இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் இந்த விதி செல்லும்.

மறுபக்கம்: காய்ச்சலில் 'நார்மல்' என்று வந்ததை வைத்து அந்த நோய் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். அந்த நார்மல் ரிப்போர்ட் ஃபைலில் தங்கி, அடுத்த பத்து வருடம் யாரும் பரிசோதிக்க மாட்டார்கள்.

---

பயோகெமிஸ்ட்ரி லேப்

காமாலை பற்றிச் சொன்னதால் ஒரு பின்குறிப்பு. ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வந்தவர்களின் லிப்பிட் இந்த வரிசைக்குள் அடங்காது. நோயின் உச்சத்தில் கல்லீரல் எல்கேட்டைச் செய்ய முடியாமல் எச்.டி.எல். ஒற்றை இலக்கத்துக்குக்கூட இறங்கும், ட்ரைகிளிசரைடு ஏறும். பிறகு பித்தம் தேங்கும் கட்டம் நீண்டால் லைப்போபுரோட்டீன்-எக்ஸ் என்ற துகள் உருவாகி மொத்தக் கொலஸ்ட்ரால் 300, 400 என்று போகலாம். சூத்திரம் அதை எல்.டி.எல். கணக்கில் சேர்த்துவிடும், டைரக்ட் முறைகளும் ஏமாறும். அது ஸ்டாடினுக்குக் கட்டுப்படாது, அந்தக் கல்லீரலுக்கு ஸ்டாடின் தரவும் கூடாது. பித்தம் வடிந்தால் தானே போய்விடும். சந்தேகமிருந்தால் அப்போ-பி (எல்.டி.எல். போன்ற துகள்களில் இருக்கும் புரதம்) கேளுங்கள்: கொலஸ்ட்ரால் மலைபோல் இருந்தும் அப்போ-பி அதற்கேற்ப ஏறாமல் இருந்தால் அது எக்ஸ்தான்.

---

ஐ.சி.யூ., ராத்திரி ஷிஃப்ட்

ட்ரைகிளிசரைடு 285 என்பதைச் சர்க்கரை, ஜூஸ் என்று தள்ளிவிடுவதற்கு முன் ஒரு நிமிடம். டெங்குவில் எச்.எல்.எச். வரலாம், அதாவது தடுப்பாற்றல் கட்டுமீறி, மாக்ரோஃபேஜ்கள் ரத்த அணுக்களையே விழுங்கும் நிலை. எச்.எல்.எச்.-2004 அளவுகோலில் உண்ணாநிலை ட்ரைகிளிசரைடு 265-க்கு மேல், அல்லது ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய உதவும் புரதம்) 150-க்குக் கீழ் என்பது ஒரு புள்ளி. எட்டில் ஐந்து வேண்டும். எச்.எல்.எச். வாய்ப்பைக் கணக்கிடும் எச்-ஸ்கோரிலும் ட்ரைகிளிசரைடு இருக்கிறது: லிட்டருக்கு 1.5 மில்லிமோல் முதல் 4 வரை, அதாவது நம் கணக்கில் சுமார் 133 முதல் 354 வரை, 44 புள்ளி. அதற்கு மேல் 64. மொத்தம் 169 தாண்டினால் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், சாதாரண டெங்குவே பாதிப் புள்ளிகளை வாங்கிவிடும். காய்ச்சல் இருக்கிறது; தட்டணுவும் வெள்ளணுவும் குறைகின்றன; ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம், அழற்சியில் ஏறும்) 500 தாண்டுவது டெங்குவில் சர்வ சாதாரணம். அதனால் ஆறாம் நாள் எண்ணை வைத்துக்கொண்டு பட்டியலில் டிக் அடித்தால் வார்டில் பாதிப் பேருக்கு எச்.எல்.எச். என்று வரும். நான் பார்ப்பது போக்கை. டெங்குக் காய்ச்சல் ஏழாம் நாள் வாக்கில் அடங்க வேண்டும். எட்டு, ஒன்பது என்று நீண்டு, ரத்தக்கசிவு இல்லாமலே ஹீமோகுளோபின் இறங்கி, மண்ணீரல் பெரிதாகி, ஃபெரிட்டின் பல ஆயிரத்தில் போய், ஃபைப்ரினோஜன் சரிந்தால், அப்போது அந்த 285 பேசத் தொடங்கும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. கூடியிருக்கும்போதே, சிவப்பணு படியும் வேகமான ஈ.எஸ்.ஆர். இறங்கினால் அதுவும் துப்புதான். ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோவதால் அப்படி.

48 மணி நேரம் கழித்து, டெக்ஸ்ட்ரோஸ் நிறுத்தி, வெறும் வயிற்றில் ஒரு ட்ரைகிளிசரைடும் ஒரு ஃபெரிட்டினும் எடுங்கள். இரண்டும் இறங்கினால் விட்டுவிடுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு: புரோபோஃபால் பத்து சதவீதக் கொழுப்புக் குழம்பில் கரைத்த மயக்க மருந்து. அது ஓடும்போது ட்ரைகிளிசரைடு எவ்வளவு வந்தாலும் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

---

டூட்டி டாக்டர், கடலூர்ப் பக்கம்

நன்றி சார். காய்ச்சல் இன்று விட்டுவிட்டது, மண்ணீரல் தட்டுப்படவில்லை. இரண்டு நாள் கழித்து ஃபெரிட்டினோடு சேர்த்து எடுக்கிறேன்.

இதே கேள்வி நீண்டகால வைரஸ்களுக்கும் வருகிறது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளிடம் 'ஆறு வாரம் காத்திரு' என்று சொல்ல முடியாதே?

---

ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையம்

முடியாது டாக்டர். அங்கே வைரஸ் இருக்கும்வரை எண்ணும் தாழ்ந்தேதான் இருக்கும். எச்.ஐ.வி.யில் முதலில் எச்.டி.எல். இறங்கும், பிறகு எல்.டி.எல்.; நோய் முற்றும்போது ட்ரைகிளிசரைடு ஏறும். அமெரிக்காவில் தொற்றுக்கு முன்பிருந்தே ஆண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 2003-இல் வெளியானது. தொற்று வந்த பின் மொத்தக் கொலஸ்ட்ரால் சராசரியாக 30, எல்.டி.எல். 22, எச்.டி.எல். 12 புள்ளி குறைந்தன. கூட்டுச் சிகிச்சை தொடங்கியதும் மொத்தமும் எல்.டி.எல்.லும் ஏறின, எச்.டி.எல். மட்டும் தாழ்ந்தே நின்றது. ஆகவே ஏ.ஆர்.டி. தொடங்கியபின் கொலஸ்ட்ரால் ஏறினால் எல்லாப் பழியையும் மாத்திரைமேல் போடாதீர்கள். ஒரு பங்கு, உடம்பு தன் பழைய அளவுக்குத் திரும்புவது. நோயாளி எடை கூடி, பசி வந்து, வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) மறைந்த நேரத்தில் ஏறும் எல்.டி.எல். அது. மருந்தின் பங்கும் உண்டு: ரிட்டோனவிர் சேர்ந்த கூட்டுகள் ட்ரைகிளிசரைடை ஏற்றும், டெனோஃபோவிர் டைசோப்ராக்ஸில் கொஞ்சம் இறக்கும், அதனால் அதை விட்டு டெனோஃபோவிர் அலாஃபெனமைடுக்கு மாற்றினால் லிப்பிட் ஏறியதுபோல் தெரியும்.

அடிப்படை லிப்பிட் சிகிச்சைக்கு முன் ஒன்று எடுங்கள், ஆனால் ஆபத்தைக் கணக்கிட அதைப் பயன்படுத்தாதீர்கள். வைரஸ் அடங்கி மூன்று மாதம் போல் ஆனபின் எடுப்பதுதான் அந்த மனிதரின் எண். ஆபத்துக் கணக்கீடு குறைவாகக் காட்டினாலும் 40 வயது தாண்டியவருக்கு ஸ்டாடின் யோசியுங்கள்: ரிப்ரீவ் சோதனையில் எச்.ஐ.வி. உள்ள 7,769 பேர், பிட்டவாஸ்டாடின் 4 மி.கி. இதய நிகழ்வுகளைச் சுமார் 35 சதவீதம் குறைத்தது, 2023-இல் வந்தது.

ஹெபடைட்டிஸ் சி இன்னும் நேரடி. அந்த வைரஸ் வி.எல்.டி.எல். துகளோடு ஒட்டியே கல்லீரலை விட்டு வெளியேறுகிறது. நம் நாட்டில் நிறைய இருக்கும் ஜீனோடைப் 3 என்ற வைரஸ் வகையில் கல்லீரல் கொழுப்பும், தாழ்ந்த கொலஸ்ட்ராலும் ஒன்றாக வரும். சோஃபோஸ்புவிர் கூட்டு கொடுத்து வைரஸ் போனதும் எல்.டி.எல். ஏறும், சிலருக்கு 90 இருந்தது 130 ஆகும். மருந்தின் பக்கவிளைவு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். சிகிச்சை முடிந்து 12 வாரத்தில் வைரல் லோடு பார்க்கிறோம் அல்லவா, அந்த ஊசியிலேயே லிப்பிட்டும் எடுத்துவிடுங்கள்.

பரிந்துரைச் சீட்டில் பிசகும் இடம் ஒன்று. ரிட்டோனவிர் அல்லது கோபிசிஸ்டாட் (மற்ற வைரஸ் மருந்துகளின் அளவை ரத்தத்தில் உயர்த்திவைக்கச் சேர்ப்பவை) இருந்தால் சிம்வாஸ்டாடின், லோவாஸ்டாடின் கூடவே கூடாது. அவற்றைச் சிதைக்கும் சைப்-3ஏ4 நொதி அடைபட்டு, ஸ்டாடின் ரத்தத்தில் பல மடங்காகித் தசை கரையும். அட்டார்வாஸ்டாடினைக் குறைந்த அளவில், பெரும்பாலான கூட்டுகளில் 20 மி.கி.க்கு மேல் போகாமல் தரலாம். கோவிட்டுக்குத் தரும் நிர்மாட்ரெல்விர்-ரிட்டோனவிர் ஐந்து நாள்தான் என்றாலும் விதி அதேதான்: சிம்வாவும் லோவாவும் முதல் வேளைக்கு 12 மணி நேரம் முன்பே நின்றிருக்க வேண்டும், கோர்ஸ் முடிந்து இன்னும் ஐந்து நாள் தொடங்கக் கூடாது. ஹெபடைட்டிஸ் சி-க்கு கிளிகாப்ரெவிர்-பிப்ரென்டாஸ்விர் என்றால் அட்டார்வாஸ்டாடினும் வேண்டாம்.

---

அரசு ஆரம்ப சுகாதார நிலையம்

ஒரு நடைமுறை மறுப்பு. எட்டு வாரம் கழித்து வா என்றால் எங்கள் பக்கம் யாரும் வருவதில்லை. காய்ச்சல் போனது, தட்டணு ஏறியது, முடிந்தது. டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வாரத்தில் தட்டணு பார்க்க வருவார்கள். கையில் கிடைக்கும்போதே லிப்பிட் எடுத்துவிட்டால் என்ன குறை?

---

பொது மருத்துவம், மதுரை

இரண்டு வாரம் குறைவுதான் சார். எல்.டி.எல். துகளின் அரை ஆயுள் மூன்று நாளுக்குள், ஆகவே அது கொஞ்சம் விரைவாகவே ஏறத் தொடங்கிவிடும். ஆனால் ஏறிக்கொண்டிருக்கும் எண்ணைப் பிடித்து ஸ்டாடின் அளவை முடிவு செய்வது சரியாக வராது. அதோடு கடலூர் டாக்டரின் நோயாளிக்கு அந்த இரண்டு வாரம் மாத்திரையும் நின்றிருக்கும். காய்ச்சல் விலகுவதால் ஒரு ஏற்றம், மாத்திரை இல்லாததால் ஒரு ஏற்றம். இரண்டையும் பிரிக்க வழி கிடையாது.

ஆனாலும் நீங்கள் சொல்வது நியாயம். சமரசம் இப்படி: இரண்டு வார வருகையில் தட்டணு, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. மட்டும் பார்த்து ஸ்டாடினை மறுபடி தொடங்குங்கள். அடுத்த சர்க்கரை மாத்திரை வாங்க வருவார் அல்லவா, மாதாமாதம் வருபவர்தான், அப்படி இரண்டாம் முறை வரும்போது லிப்பிட் எடுங்கள். தனியாக ஒரு தேதி கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பே எடுக்க நேர்ந்தால், எண் பழுத்துவிட்டதா என்று ரிப்போர்ட்டிலேயே பார்க்கலாம். எச்.டி.எல். தன் பழைய அளவுக்கு வந்துவிட்டதா? 42 இருந்தவருக்கு இன்னும் 28 என்றால் காய்ச்சலின் நிழல் போகவில்லை. ட்ரைகிளிசரைடு பழைய 160 பக்கம் இறங்கியதா? சி.ஆர்.பி. நார்மலா? மூன்றும் சரி என்றால் ஐந்தாம் வாரமே ஆனாலும் நான் ஏற்றுக்கொள்வேன்.

கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அப்போது இவருக்கு எல்.டி.எல். 85-90 வரும். சர்க்கரையோடு ரத்த அழுத்தமோ புகையோ இருந்தால் 70-க்குக் கீழ் வேண்டும். ஸ்டாடினை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் கூடுதலாகச் சுமார் 6 சதவீதம்தான் இறங்கும். 10-ஐ 20 ஆக்கினால் 80 பக்கம், 40 ஆக்கினால் 70-ஐத் தொடலாம். எஸெட்டிமைப் 10 மி.கி. சேர்ப்பது இன்னொரு வழி, அது ஏறக்குறைய 20 சதவீதம் இறக்கும். ஆக, மகன் நிறுத்தலாமா என்று கேட்கும் மாத்திரையை நாம் கூட்டப்போகிறோம். இதை இப்போதே அவர் காதில் போட்டு வைப்பது நல்லது. இல்லையென்றால் ரெண்டு மாதம் கழித்து, 'காய்ச்சலில் 40, உங்கள் மருந்தில் 88-ஆ?' என்று சண்டைக்கு வருவார்.

---

டூட்டி டாக்டர், கடலூர்ப் பக்கம்

டிஸ்சார்ஜ் சம்மரியில் இப்படி எழுதலாமா, பாருங்கள்:

'லிப்பிட், காய்ச்சலின் ஆறாம் நாள் எடுத்தது: 118 / 21 / 285, கணக்கிட்ட எல்.டி.எல். 40. கடுந்தொற்றின் போது எடுத்ததால் ஆபத்து மதிப்பீட்டுக்கோ மருந்தளவுக்கோ பயன்படுத்த வேண்டாம். அட்டார்வாஸ்டாடின் 10 தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. இரண்டு வாரத்தில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. பார்த்துத் தொடங்கவும். லிப்பிட் 8 வாரத்தில்.'

கூடவே ஒன்று. தொடை வலி என்கிறார், தசை நொதியான சி.பி.கே. 640 வந்திருக்கிறது. ஸ்டாடினா, டெங்குவா?

---

பொது மருத்துவம், மதுரை

சம்மரி நன்று. 'ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. 120-க்குக் கீழ் என்றால் தொடங்கவும்' என்று எண்ணைப் போடுங்கள், யார் பார்த்தாலும் குழப்பம் வராது. 'நிரந்தரமாக நிறுத்தவில்லை' என்பதையும் தமிழில் ஒரு வரி; மருந்துக்கடையில் அதைத்தான் படிப்பார்கள்.

சி.பி.கே. 640 இயல்பின் மூன்று மடங்குக்குச் சற்று மேல். மூன்று மாதம் தொல்லையில்லாமல் 10 மி.கி. சாப்பிட்டவருக்குக் காய்ச்சலோடு வந்த வலி என்றால் டெங்குத் தசைவீக்கம்தான் முதல் ஊகம். ஏ.எல்.டி.யைவிட ஏ.எஸ்.டி. இவ்வளவு கூடியிருப்பதில் ஒரு பங்கு தசையிலிருந்து வருகிறது. மாத்திரை எப்படியும் நின்றுவிட்டது. அதனால் இப்போது பிரித்தறிய வேண்டிய அவசியமில்லை. சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போகிறதா, கிரியாட்டினின் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். பத்து மடங்கு, அதாவது 2000 தாண்டினால் வேறு பேச்சு. இரண்டு வார வருகையில் ஏ.எஸ்.டி.யோடு சி.பி.கே.யும் திரும்ப எடுங்கள், நார்மல் ஆனபின் மாத்திரை தொடங்கி, நான்கு வாரத்தில் இன்னொரு முறை. வலியோடு அது மறுபடி ஏறினால் அப்போது ஸ்டாடினைச் சொல்லலாம்.